வண்டியில் பிள்ளை பெற்றவளிடம் என்ன பேசுவது?

ஏற்காட்டில் 108 வண்டிக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இரவில் இடுப்பு வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியிருக்கிறார். பாதி மலையில் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. வளைவைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, அவரே பிரசவம் பார்த்தார். குழந்தை உடனே அழுதது, நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, ரத்தப்போக்கும் அளவோடு நின்றது. "பெண் குழந்தை!" என்று இவர் மகிழ்ச்சியோடு சொன்னதும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவமனை வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த மனத்துக்கு நான் ஏதாவது செய்திருக்க வேண்டுமா சிஸ்டர்? அது என் வேலையில் சேர்த்தியா? சேர்த்தி என்றால் அந்த முக்கால் மணி நேரத்தில் என்னதான் செய்ய முடியும்?" என்பது கேள்வி.

சேர்த்திதான், தம்பி. ஆனால் பயந்துவிடாதீர்கள். மனநல மருத்துவர் செய்ய வேண்டியதை யாரும் உங்கள் தலையில் கட்டவில்லை. நான் இருபத்தாறு ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள். பிள்ளை பெற்ற கதையைக் கேட்டால் எழுபது வயதுப் பாட்டிகூட நேற்று நடந்ததுபோல் சொல்வாள். அதில் ஊசியின் பெயர் வராது, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பது வராது. யார் அதட்டினார்கள், யார் கையைக் கொடுத்தார்கள், விலகிய சேலையை யார் இழுத்து மூடினார்கள் என்பதுதான் வரும். அந்தக் கதையில் வரப்போகிற ஆள் இந்த முறை நீங்கள். எப்படியும் செய்யப்போகிற வேலையை எந்தக் குரலில், எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதிலேயே மனத்துக்கான முதலுதவி பாதி முடிந்துவிடுகிறது. மீதி, மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த முகம் திரும்பிய கணம்.

சேலம் மாவட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு பழைய செய்தி தெரிந்திருக்க வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் "என்ன குழந்தை?" என்ற கேள்வியின் கனம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு அது அதிகம் வந்தது என்று பார்த்தபோது, வருமானக் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவற்றோடு, ஆண் வேண்டும் என்றிருந்த வீட்டில் பெண் பிறந்ததும் பட்டியலில் இருந்தது. ஆக, குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லும் அந்த ஒரு நொடி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

அதை எப்படிச் சொல்வது? குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். மலைக் குளிரில் குழந்தைக்குச் சூடு தர அதைவிட நல்ல வழி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்கிறார்களே, அந்த நேரமும் இதற்கு வசதி. "உங்கள் குழந்தை, நன்றாக அழுகிறது, கை கால் எல்லாம் அசைக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அவளே பார்க்கட்டும், அல்லது அவளிடம் மட்டும் தணிந்த குரலில் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு அறிவிப்புச் செய்வது உங்கள் கடமை இல்லை. பெற்றவளுக்குத் தெரிந்த பிறகு மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம், "பெண் குழந்தைதான்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டெழுத்துத் "தான்" எவ்வளவு குத்தும் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். "மகாலட்சுமி வந்திருக்கிறாள்" என்பதையும் நான் விரும்புவதில்லை. ஆண் பிறந்தால் யாரும் குபேரன் வந்திருக்கிறான் என்று சொல்வதில்லை அல்லவா? பெண்ணுக்கு மட்டும் தனி வார்த்தை சொன்னால் அதில் ஆறுதல் வாடை அடிக்கிறது. "பெண் குழந்தை. நல்ல எடை இருக்கும்போலத் தெரிகிறது" என்று சாதாரணமாகச் சொன்னாலே போதும். ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கைநீட்டும் பழக்கம் இன்னும் எங்கேயாவது இருந்தால், அதற்கும் இந்த மனச்சோர்வில் பங்கு உண்டு என்றே சொல்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். முகம் திரும்பினாலே பெண் குழந்தை பிடிக்கவில்லை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. பல வருடத்துக்கு முன் எங்கள் வார்டில் ஒரு பெண், இரண்டாவது பிரசவம், குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் பெண், அதனால்தான்" என்று எங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டோம். விடியும் நேரத்தில் அவளுக்குக் காப்பி கொடுக்கப் போன ஆயா, கால் ஐஸ் மாதிரி இருப்பதைப் பார்த்துப் போர்வையை இழுத்துவிட்டபடி, "என்ன கண்ணு யோசனை?" என்று கேட்டார். "மூத்தவள் பக்கத்து வீட்டில் தூங்குகிறாள். எழுந்தால் என்னைத் தேடுவாள். அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நாங்கள் ஏழெட்டுப் பேர் இரவு முழுக்க அவளைச் சுற்றியிருந்தோம். கேட்டது அந்த ஆயா ஒருவர்தான். அடுத்த முறை உங்கள் வண்டியில் ஒருத்தி முகத்தைத் திருப்பினால், "குளிருகிறதா? எங்காவது வலிக்கிறதா? வீட்டில் யாரையாவது விட்டு வந்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். நடந்ததை அப்போதே கொட்டச் சொல்லி வற்புறுத்துவது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும் என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம். பக்கத்தில் இருப்பது போதும்.

நீங்கள் ஆண் என்பதால் இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வலியைவிடக் கூச்சம் பெரிதாக இருக்கலாம். கணவனைத் தவிர வேறு ஆணின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவளாக இருக்கலாம். வண்டியில் ஏறியதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், என்ன வேலை செய்பவர் என்று சொல்லுங்கள். "பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்திருக்கிறேன், இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன்" என்று, உண்மையானால், சொல்லுங்கள். துணியை விலக்குவதற்கு முன் சொல்லுங்கள், கையை வைப்பதற்கு முன் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய இடம் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கட்டும். உள்ளே துணைக்கு யார் உட்கார வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்காமல் அவளிடம் கேளுங்கள். மாமியார்தான் ஏறுவார் என்பது ஊர் வழக்கமாக இருக்கும். அவள் மனத்தில் சித்தியோ அண்ணியோ பக்கத்து வீட்டு அக்காவோ இருக்கலாம். பிரசவ நேரத்தில் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதை உலகச் சுகாதார அமைப்பே 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. வண்டியில் அதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது; ஒரு பெஞ்சு இருக்கிறது.

பிரசவ அறைகளில் வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும் ஒரு வசனம் எல்லாருக்கும் தெரியும். இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. அது உங்கள் வாயில் வராது என்று நம்புகிறேன். ஆனால் "கத்தாதே", "ஒத்துழைக்காவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும்" என்பதும் அதன் தங்கைகள்தான். பின்னாளில் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட, "அன்றைக்கு நான் சரியாக முக்கவில்லை" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதைக்கு என்றே ஒரு சங்கதி உண்டு. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவளுக்குச் சாலை தெரியாது. கூரையும் விளக்கும்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது. உடம்பு சரியும், வயிறு புரளும், வலியோடு சேர்ந்து வாந்தி வரும். அப்போது "இதோ வந்துவிட்டோம்" என்று பொய் சொன்னால் இரண்டாவது முறை நம்ப மாட்டாள். வளைவுகளுக்கு எண் இருக்கிறது. பைலட்டை, அதாவது வண்டி ஓட்டுநரை, சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்: "பதினாறு முடிந்தது, அடுத்தது இடப்பக்கம் சாயும்." வலி வரும்போது மூச்சை இழுத்து விட, இந்த எண்ணிக்கை ஒரு பிடிமானம். அடிவாரம் வந்ததும் "மலை இறங்கிவிட்டோம், இனிமேல் நேர்ச்சாலை, கோரிமேடு வழியாகப் போகிறோம்" என்று சொல்லுங்கள். தான் எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவளுக்குப் பயம் பாதியாகும். பிரசவம் கஷ்டமாக இருந்ததா சுலபமாக இருந்ததா என்பதைவிட, தன் கையில் எதுவுமே இல்லாமல் போனது என்ற உணர்வுதான் பின்னாளில் கெட்ட கனவாகவும் திடுக்கிடலாகவும் திரும்பி வருகிறது. பிரசவ அதிர்ச்சி என்று அதைச் சொல்கிறார்கள்.

சேர்வராயன் மலைப் பெண்களுக்கு அந்தப் பயம் வலி எடுக்கும் நாளில் தொடங்குவதும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நாளில் வலி எடுத்தால் மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாவது திறந்திருக்குமா, ஊரிலிருந்து தார்ச்சாலை வரை தூளி கட்டித் தூக்கி வர ஆள் கிடைக்குமா என்ற கவலை ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிடும். நிறைமாதத்தில் முன்னதாகவே இறங்கி மருத்துவமனைப் பக்கம் தங்குங்கள் என்று கிராம சுகாதார செவிலியர் சொல்வார். அது சரியான யோசனைதான். ஆனால் மூத்த பிள்ளைகளையும் காப்பிப் பழம் பறிக்கும் கூலியையும் விட்டுவிட்டு வந்து தனியாகப் படுத்திருப்பவளின் மனம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வண்டியில் ஏறும்போதே அவள் பல வாரம் பயந்து களைத்தவளாக இருப்பாள். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். இன்னொரு சிறிய விஷயம், நீங்கள் சமவெளியிலிருந்து வந்தவர் என்பதால்: இங்குள்ள மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. அவர்கள் மலையில் வாழும் தமிழர்கள். "தமிழ் புரியுமா?" என்று ஒரு பெண்ணிடம் ஒரு பணியாளர் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் அந்த ஆளிடம் பேசவில்லை. ஏன் பேசுவாள்?

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன், கோபத்தோடுதான் வருகிறேன். ஆம்புலன்ஸில் பிரசவம் என்றால் மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும், குழந்தையை ஏந்தியபடி பணியாளர்கள் நிற்கும் படம் வரும். பாராட்டு வரட்டும், உங்களுக்குத் தகும். ஆனால் நஞ்சுக்கொடிகூட வெளியே வராத நிலையில், தாய் அரை மயக்கத்தில் கிடக்கும்போது, குழந்தையை எடுத்துப் போய் விளக்குக்கு நேராக நின்று படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். தன் மகளின் முகத்தைத் தாய் பார்ப்பதற்கு முன் நூற்றைம்பது பேர் பார்த்துவிட்டார்கள். அவள் முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். குழந்தையின் படம் வேண்டுமென்றால் நாளைக்கு, அவள் எழுந்து உட்கார்ந்து தலை சீவிய பிறகு, கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

எல்லாப் பிரசவமும் அழுகைக் குரலோடு முடிவதில்லை. குழந்தை உயிரில்லாமல் பிறந்தால், நீங்கள் செய்ய வேண்டிய உயிர்மீட்பு முயற்சி எல்லாம் முடிந்த பிறகு, அவளிடம் மழுப்பாதீர்கள். வண்டிக்குள் விழுந்த அமைதியே அவளுக்குச் சொல்லியிருக்கும். "குழந்தைக்கு மூச்சு வரவில்லை. எங்களால் முடிந்ததைச் செய்தோம். மருத்துவமனையில் மருத்துவரும் பார்ப்பார்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். "அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்", "குறையோடு பிறப்பதற்கு இது மேல்", "நல்லவேளை, உங்கள் உயிர் தப்பியது" என்ற மூன்றையும் சொல்லவே சொல்லாதீர்கள். குழந்தையைப் பாலித்தீன் உறையில் போடாதீர்கள். உயிருள்ள குழந்தையைச் சுற்றுவதுபோலவே வெள்ளைத் துணியில் முகம் தெரியச் சுற்றுங்கள். "பார்க்கிறீர்களா?" என்று ஒரு முறை கேளுங்கள், "இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, பிறகும் பார்க்கலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். "பெற்றவள் பார்க்கக் கூடாது" என்று உடன் வந்தவர்கள் தடுப்பார்கள். சிலருக்குப் பார்ப்பது ஆறுதல், சிலருக்குப் பார்க்காமல் இருப்பதே ஆறுதல், முடிவு அவளுடையது. மார்பில் பால் கட்டும் என்பதை மருத்துவமனையில் யாராவது அவளுக்கு முன்கூட்டியே சொன்னார்களா என்றும் கேட்டு வைக்கலாம். மூன்றாம் நாள் அது நடக்கும்போது பல பெண்கள் நொறுங்கிப்போகிறார்கள்.

இனி, பிரசவம் என்ற பெயரில் வராத அழைப்புகள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் முழுமை பெறாது.

பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீள்வதுதான் மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்குப்படி அது 22 சதவீதத் தாய்மாரிடம் காணப்படுகிறது. அவர்கள் "மனம் சரியில்லை" என்று 108ஐ அழைக்க மாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது, படபடக்கிறது, மயக்கம், உடம்பெல்லாம் எரிகிறது என்றுதான் அழைப்பு வரும். நீங்கள் போய்ப் பார்த்தால் நாடித்துடிப்பு, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கும். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பும் முன், தூளியில் குழந்தை தொங்குகிறதா என்று வீட்டுக்குள் ஒரு பார்வை பாருங்கள். இருந்தால், "குழந்தைக்கு எத்தனை மாதம்? நீங்கள் தூங்குகிறீர்களா? குழந்தை தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை யாரிடமாவது கொண்டு சேர்க்க வேண்டும்.

விஷம் குடித்துவிட்டார், தூக்குப் போட முயன்றார் என்று வரும் அழைப்புகளிலும், இளம்பெண் என்றால், வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தை உண்டா, கர்ப்பமா என்று கேட்டே ஆக வேண்டும். தாய் மரணங்களை ஒன்றுவிடாமல் ஆராயும் பிரிட்டனில், பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்திலிருந்து ஓராண்டு வரை, கர்ப்பமும் பிரசவமும் நேரடியாகச் சார்ந்த தாய் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தற்கொலை என்று தெரியவந்திருக்கிறது. நம் ஊரில் இந்தச் சாவுகள் "வயிற்று வலி தாங்காமல்" என்ற வழக்கமான வரிக்குள் போய்விடுகின்றன. குடும்பத்தார் போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. "உங்கள் பெண்ணைச் சிறையில் போட மாட்டார்கள். என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்" என்று நீங்கள் சொன்னால் சிகிச்சைக்கு வேண்டிய தகவல் கிடைக்கும். அவளிடமும் நேராகக் கேட்கலாம்: "செத்துவிடலாம் என்று தோன்றியதா? இப்போதும் தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று 1987இல் எடின்பரோவிலிருந்து வந்தது, தமிழிலும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதன் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியதுதான்.

எல்லாவற்றிலும் அவசரமானது, நம் பாட்டிகள் "சன்னி" என்று சொன்னது. பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள், மூன்று நான்கு இரவு தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, "இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்" என்று சந்தேகப்பட்டு, திடீரென்று சிரித்து, திடீரென்று எழுந்து ஓடுவது. ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் இது. காற்று கருப்பு என்று கோடாங்கியிடம் போய் இரண்டு நாள் கழித்துத்தான் உங்களை அழைப்பார்கள். கோடாங்கியைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். தாயத்தை அறுக்கவும் வேண்டாம். "விபூதி இருக்கட்டும், மருந்தும் சேரட்டும்" என்றால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

ஆனால் மனநோய் என்று நீங்களாக முத்திரை குத்துவதற்கு முன் ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை, ஆக்சிஜன், ரத்தப்போக்கு எல்லாவற்றையும் பாருங்கள். ரத்த அழுத்தம் கூடிப் பிரசவத்துக்குப் பின் வரும் வலிப்பு, கருப்பைத் தொற்று, மூளைச் சிரையில் ரத்தம் உறைவது ஆகிய ஒவ்வொன்றும் முதலில் உளறலாகவும் குழப்பமாகவும் வெளிப்படலாம். தலைவலி இருந்ததா, பார்வை மங்கியதா, கை கால் ஒரு பக்கம் தளர்ந்ததா என்று கேளுங்கள். "பைத்தியம்" என்று குடும்பமும் "நாடகம்" என்று ஒரு பணியாளரும் சொன்ன பெண் ஒருத்தி எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது, ரத்த அழுத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம், 180ஐத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். அந்த மலைக் கிராமத்து வீட்டிலேயே யாராவது கையில் பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் ஆறு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அவளை ஏற்றும்போது ஒருவர் மட்டும் பேசுங்கள். முடிந்தால் சைரனை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள். கட்டிப்போடும் எண்ணத்தை உதவிக்கு வருகிறவர்களின் மண்டையிலிருந்து முதலில் எடுங்கள். குழந்தையை அவள் மடியில் தனியாக விடக் கூடாது. அதே நேரம் பிடுங்கிக்கொண்டு போகவும் கூடாது. அவள் நம்பும் ஒருவர் அவள் கண்ணெதிரே குழந்தையை வைத்திருக்கட்டும். மனநலச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது.

இப்போது அந்த ஒரு வாக்கியம். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது நீங்கள் பிரசவ நேரம், குழந்தையின் அழுகை, ரத்தப்போக்கு, கொடுத்த மருந்து எல்லாம் சொல்கிறீர்கள். அதோடு மனத்தைப் பற்றி நீங்கள் கண்ணால் கண்டதை ஒரு வரியில் சொல்லுங்கள்; படிவத்திலும் எழுதுங்கள். "ஒத்துழைக்கவில்லை", "எரிச்சலாக இருந்தார்" என்று எழுதினால் வார்டில் அவளுக்குத் திட்டுதான் கிடைக்கும். "பிரசவத்துக்குப் பின் 40 நிமிடம் பேசவில்லை. குழந்தையைக் கையில் வாங்கவில்லை. கணவர் உடன் இல்லை. மூத்தது இரண்டும் பெண்" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். இதை மாமியார் காதில் விழச் சொல்லாதீர்கள். அடிபட்ட தழும்பையோ வீட்டாரைக் கண்டால் ஒடுங்குவதையோ கவனித்தால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவளிடம் கொடுக்கலாம், ஆனால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் சிக்கும், மனப்பாடம் ஆகும்படி வாயால் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது, 104 இருக்கிறது. இரண்டிலும் தமிழில் பேசலாம். கணவனுக்கும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். "இரண்டு வாரத்துக்கு மேல் அழுதாலோ தூங்காவிட்டாலோ கூப்பிடுங்கள்" என்று ஆண் ஒருவர் ஆணிடம் சொன்னால் காதில் ஏறும். இதில் மட்டும் உங்களுக்கு என்னைவிட வசதி அதிகம்.

உங்களைப் பற்றியும் ஒன்று. அந்த முகம் திரும்பியதை மறக்க முடியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அந்த வண்டியில்தான் இருந்தீர்கள், பைலட்டும் இருந்தார். குழந்தை இறந்த இரவுக்குப் பிறகு அடுத்த அழைப்புக்கு உடனே ஓட வேண்டியிருந்தால், ஷிப்ட் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து ஒரு டீயாவது குடியுங்கள். தூக்கம் கெட்டால் 14416 உங்களுக்கும்தான்.

இனி அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நீங்களாக அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். அறிமுகமில்லாத இளைஞன் தேடி வந்தான் என்றால் ஊரில் அவளுக்குத்தான் பேச்சு. அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரசவமான 42 நாளுக்குள் தாயையும் சேயையும் பார்க்க அவர் எப்படியும் போவார். நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் எடையைப் பார்க்கும் சாக்கில் அவர் உள்ளே போய், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்கு அருகில் உட்கார்ந்து கேட்கட்டும்.